சட்டாம்பிள்ளையின் கதை

போன மாதம் ஒரு இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டி என் பழைய சான்றிதழ்களை எல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பி வைத்தேன். பேச்சுப்போட்டி, கோலப்போட்டி (மூன்றாம் பரிசு, கலந்துகொண்டதே மூன்று பேர்), தட்டச்சு லோயர். அதற்கு நடுவில் ஒரு மஞ்சள் அட்டை. "குழந்தைகள் கோடை அறிவியல் முகாமில் உதவிக் கருத்தாளராகப் பணியாற்றியமைக்காக" என்று போட்டு என் பெயர். 2023 மே மாதம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காக நகம் கடித்துக்கொண்டிருந்த நாட்கள்.

உதவிக் கருத்தாளர் என்பதை பயோடேட்டாவில் எப்படிப் போடுவது? இணையத்தில் தேடினேன். அமெரிக்கக் கோடை முகாம்களில் இதற்கென்று ஒரு பதவியே இருக்கிறது: கவுன்சிலர் இன் டிரெய்னிங். சின்னக் குழந்தை என்ற வயதைத் தாண்டி, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் வயதை எட்டாத பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் இந்த வேலையைச் செய்வார்களாம். பல முகாம்களில் இந்தப் பயிற்சிக்கு அந்தப் பிள்ளைகளே கட்டணம் கட்ட வேண்டுமாம். வேலையும் செய்து காசும் கொடுப்பது! பி.காம். படிப்பவளுக்கு இதைக் கேட்டதும் ஒரு கணம் தலை சுற்றியது.

திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தாவிடம், "தாத்தா, பெரிய பசங்க சின்ன பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற வேலைக்கு தமிழ்ல என்ன பேரு?" என்று கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "சட்டாம்பிள்ளை" என்றார்.

நம்மில் பலருக்கு சட்டாம்பிள்ளை என்றால் அதிகாரம் பண்ணுகிறவன் என்று மட்டும்தான் தெரியும். "பெரிய சட்டாம்பிள்ளை மாதிரி பேசாதே" என்று வீட்டில் திட்டு வாங்கியிருப்போம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கல்லூரி நூலகத்தில் இரண்டு வாரம் மேய்ந்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. சென்னையில் ஆரம்பித்து, கப்பலேறி இங்கிலாந்து போய், நான் நட்ட ஒரு குச்சியில் வந்து முடிகிற கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்ணையும் மணலும்

ஆங்கிலப் பள்ளிகள் வருவதற்கு முன்பு நம் ஊர்களில் இருந்தது திண்ணைப் பள்ளிக்கூடம். ஒரு வாத்தியார், ஒரு திண்ணை, இருபது முப்பது பிள்ளைகள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வயது, ஒவ்வொரு பாடம். ஒருவன் 'அ' எழுதிக்கொண்டிருப்பான், இன்னொருவன் எண்சுவடி ஒப்பித்துக்கொண்டிருப்பான், மூன்றாமவன் ஓலையில் எழுத்தாணி பிடித்துப் பழகுவான். இத்தனை பேரையும் ஒரே ஆள் சமாளிக்க முடியாது. அதனால் மூத்த மாணவர்களில் கெட்டிக்காரனாக ஒருவனை வாத்தியார் நியமிப்பார். அவன்தான் சட்டாம்பிள்ளை. முதல் நாள் பாடத்தை ஒப்பிக்கக் கேட்பது, புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுத்துப் போடவைப்பது, வாத்தியார் இல்லாதபோது கூட்டத்தைக் கட்டி மேய்ப்பது எல்லாம் அவன் வேலை.

மணல் என்பதைக் கவனியுங்கள். தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவது. தப்பாக எழுதினால் கையால் தடவி அழித்துவிடலாம். பேப்பர் வேண்டாம், மை வேண்டாம், பேனா வேண்டாம். செலவு பூஜ்யம். எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் பேராசிரியர் பார்த்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்.

எழும்பூரில் ஒரு பாதிரியார்

1787-ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னைக்கு வந்தார். கிறிஸ்தவப் பாதிரியார்தான், ஆனால் அறிவியலில் ஆர்வம் உள்ளவர். 'இயற்கைத் தத்துவம்' என்று அந்தக் காலத்தில் சொல்லப்பட்ட இயற்பியல் விஷயங்களைப் பற்றி இங்கே பொதுமக்களுக்கு விரிவுரைகள் நடத்தியிருக்கிறார். ஒரு வகையில் நம் அறிவியல் முகாம் நடத்துகிறவர்களுக்கு இவர் தூரத்துச் சொந்தம்.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பல பிரிவுகளுக்குப் பாதிரியாராக இருந்து ஒன்றுக்கு மேற்பட்ட சம்பளம் வாங்கினார். 1789-ல் எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அனாதை விடுதிக்குக் கண்காணிப்பாளர் ஆனார். இந்த வேலைக்கு மட்டும் சம்பளம் வேண்டாம் என்றுவிட்டார். படையிலிருந்த ஐரோப்பியர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். பெரும்பாலோருக்குத் தாய் இந்தியப் பெண். அங்கிருந்த ஆசிரியர்களை வைத்துக்கொண்டு பெல் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. ஒன்றும் உருப்படியாக நடக்கவில்லை.

ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது வழியில் ஒரு 'மலபார்' பள்ளியைப் பார்த்தார். அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் தமிழர்களையும் மலபார் என்றுதான் குறிப்பிடுவார்கள். ஆக அவர் பார்த்தது நம் திண்ணைப் பள்ளி. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல் விடுதிக்குத் திரும்பி, அரிச்சுவடி வகுப்பையும் இப்படி மணலில் நடத்துங்கள் என்று உத்தரவு போட்டார். கீழே இருந்த ஆசிரியர் இது நடக்காத காரியம் என்று கையை விரித்துவிட்டார்.

பெல் என்ன செய்தார் தெரியுமா? ஆசிரியரை ஒதுக்கிவிட்டு ஜான் ஃபிரிஸ்கன் என்ற பையனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். வயது 8. பெரியவர் முடியாது என்றதை எட்டு வயதுப் பையன் செய்து காட்டினான். அதன்பிறகு மற்ற வகுப்புகளுக்கும் பெல் இதே முறையைக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே ஆசிரியர்கள்.

எனக்கு இந்தக் கதையில் பெல்லைவிட ஃபிரிஸ்கனைத்தான் பிடித்திருக்கிறது. முந்தாநாள் வரை அடி வாங்கிக்கொண்டிருந்தவன் திடீரென்று ஒரு வகுப்பின் முன்னால் நிற்கிறான். அந்த முதல் நாள் அவன் வயிற்றுக்குள் என்ன பறந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

மெட்ராஸ் முறை ஏற்றுமதி ஆன கதை

1796-ல் பெல் ஊருக்குத் திரும்பினார். 1797-ல் எழும்பூர் அனுபவத்தை லண்டனில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதன் பெயரிலேயே 'பரிசோதனை' என்ற சொல் இருந்தது. இந்த முறைக்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் விழுந்தது. அடுத்த ஆண்டு, 1798-ல், ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் லண்டனின் சதர்க் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். அவரும் மூத்த மாணவர்களை வைத்தே பாடம் நடத்தினார். ஒரே ஒரு ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளை வைத்துப் பள்ளி நடத்தலாம் என்பது அவர் வாதம்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு அரசாங்கம் ஒரு பைசா கொடுக்கவில்லை. முதல் அரசு மானியமே 1833-ல்தான் வந்தது, வெறும் 20,000 பவுண்டு. மற்றபடி நன்கொடைதான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சம்பளத்தில் ஆயிரம் பிள்ளைகள் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? புத்தகத்துக்குப் பதில் சுவரில் ஒரே ஒரு பெரிய அட்டை. பேப்பருக்குப் பதில் சிலேட்டு. ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு மளமளவென்று குறைந்தது.

பெல்லின் பக்கம் இங்கிலாந்துத் திருச்சபை, லங்காஸ்டரின் பக்கம் மற்ற பிரிவினர் என்று இரண்டு கட்சியாகி, இது யாருடைய கண்டுபிடிப்பு என்று வருடக்கணக்காகச் சண்டை போட்டார்கள். 1811-ல் திருச்சபைக்காரர்கள் ஒரு தேசியச் சங்கம் அமைத்து பெல்லின் முறையில் ஊர் ஊராகப் பள்ளி திறந்தார்கள். யாருடைய கண்டுபிடிப்பு என்ற சண்டையில், மணலில் எழுதிக்கொண்டிருந்த நம் பிள்ளைகளின் பெயர் எங்கும் அடிபட்டதாகத் தெரியவில்லை.

பெல் 1832-ல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம். அவர் விட்டுச்சென்ற பணத்தில் அவருடைய சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு பள்ளி எழுந்தது. அதன் பெயர் மெட்ராஸ் காலேஜ். ஸ்காட்லாந்தில் இன்றும் அந்தப் பெயரோடு நடக்கிறது. நாம் மெட்ராஸை சென்னை ஆக்கிவிட்டோம், அவர்கள் விடவில்லை!

இதை நம் ஊரிலேயே கவனித்த ஆங்கிலேயர் ஒருவரும் இருந்தார். 1823-ல் பெல்லாரி கலெக்டராக இருந்த கேம்ப்பெல், மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் உள்ளூர் முறையும் அதன் சிக்கனமும் பாராட்டத்தக்கவை, இங்கிலாந்தில் அதைப் பின்பற்றியது சரிதான் என்ற பொருளில் மேலிடத்துக்கு எழுதினார். அதே அறிக்கையில், நெசவுத் தொழில் நசிந்து மக்கள் ஏழைகளானதால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியாமல் போகிறது என்றும் எழுதியிருக்கிறார். எந்த ஊரிலிருந்து முறையை எடுத்துக்கொண்டார்களோ அந்த ஊரில் பள்ளிகள் காலியாகிக்கொண்டிருந்தன.

திண்ணையில் யார் இல்லை?

இந்த இடத்தில் "பார்த்தீர்களா நம் பெருமையை" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் கையை இறக்கிக்கொண்டேன்.

1822-ல் கவர்னர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826-ல் தொகுத்தபோது வந்த கணக்கு: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மக்கள்தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம். அன்றைய ஐரோப்பாவின் பல நாடுகளை வைத்துப் பார்த்தால் இது மோசமில்லை என்று மன்றோவே கருதினார்.

சரி, அந்த 1,88,650 பேரில் பெண்கள் எத்தனை? 4,540. நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. அதோடு, திண்ணை என்பது யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை. அந்தத் தெருவுக்குள்ளேயே நுழைய விடப்படாத சாதிகளின் பிள்ளைகளுக்கு அந்த மணலில் இடம் ஏது? சட்டாம்பிள்ளை என்ற சொல்லுக்குப் பெண்பால் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். 1822-ல் பிறந்திருந்தால் நான் சட்டாம்பிள்ளை ஆகியிருக்க முடியாது. பெரும்பாலும் மணலில் விரலே வைத்திருக்க மாட்டேன்.

சரக்கு தீர்ந்தால்?

இங்கிலாந்தில் இந்த முறை ஒரு தலைமுறைக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. காரணம் எளிது. தலைமை ஆசிரியர் காலையில் சீக்கிரமே மூத்த மாணவர்களை வரவழைத்து அன்றைய பாடத்தைச் சொல்லிக்கொடுப்பார். அவர்கள் அதை அப்படியே தங்கள் குழுவுக்குச் சொல்வார்கள். எட்டு மணிக்கு மொத்தமாக வாங்கி, பத்து மணிக்குச் சில்லறையில் விற்பது. பாடம் மனப்பாடமாக இருக்கும்வரை வியாபாரம் நன்றாக நடக்கும். குழுவில் ஒரு பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் முடிந்தது. விற்பவனிடம் அந்தச் சரக்கு கிடையாது.

அதனால் கேள்வி கேட்காத பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். லங்காஸ்டர் பிரம்படிக்கு எதிரானவர். ஆனால் அவர் கண்டுபிடித்த தண்டனைகளைப் படித்தால் பிரம்பே மேல் என்று தோன்றும். கழுத்தில் மரக்கட்டையை மாட்டிவிடுவது, கூடையில் உட்காரவைத்து எல்லோரும் பார்க்கக் கூரையில் தொங்கவிடுவது என்று போகிறது பட்டியல்.

1846-ல் இங்கிலாந்து அரசு வேறு வழிக்கு வந்தது. கே-ஷட்டில்வொர்த் என்ற அதிகாரி கொண்டுவந்த திட்டம். 13 வயது நிறைந்த மாணவரை ஐந்து வருடத்துக்கு 'மாணவ ஆசிரியராக' ஒப்பந்தம் செய்வது. முதல் வருடம் 10 பவுண்டு உதவித்தொகை, வருடா வருடம் ஏறி ஐந்தாம் வருடம் 20 பவுண்டு. தினமும் ஒன்றரை மணி நேரம் அவர்களுக்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டும், அதற்காகத் தலைமை ஆசிரியருக்கும் தனியாகப் பணம். ஐந்து வருடம் முடித்தால் உதவித்தொகையோடு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போகத் தேர்வு எழுதலாம்.

என் கண்ணில் இதுதான் பெரிய மாற்றம். பெல்லின் முறையில் ஃபிரிஸ்கன் ஒரு செலவுக் குறைப்பு. 1846-ல் அதே ஃபிரிஸ்கன் ஒரு முதலீடு. 'பயிற்சியில் இருப்பவர்' என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் வந்தது.

நம் ஊர் அறிவியல் முகாம்கள்

இனி நேராக இருபதாம் நூற்றாண்டுக்குத் தாவிவிடுகிறேன். 1962-ல் கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் தொடங்கியது. அறிவியலைத் தாய்மொழியில் சொல்வதுதான் அதன் முதல் வேலை. 1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இப்போது நர்மதாபுரம்) 16 கிராமத்துப் பள்ளிகளில் ஒரு முயற்சி நடந்தது. பாடத்தை ஒப்பிக்காமல், சோதனை செய்து, கண்டதை எழுதி, அதிலிருந்து முடிவுக்கு வருவது. 1978-ல் மாவட்டம் முழுக்கப் பரவி, 2002-ல் மாநில அரசால் நிறுத்தப்பட்டது. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வைத்து உருவங்கள் செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தா அங்கிருந்து வந்தவர்தான்.

இந்திய அரசியல் சட்டத்தில் அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976-ல் சேர்த்தார்கள். ஆனால் 1980 பிப்ரவரி 16 அன்று சூரிய கிரகணம் வந்தபோது ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தது. மக்கள் வெளியே வராமல் இருக்கட்டும் என்று தூர்தர்ஷனில் சினிமா போட்டார்கள்! அதே 1980-ல்தான் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கியது. 1987-ல் 'துளிர்' சிறுவர் அறிவியல் மாத இதழ் வந்தது. அதே ஆண்டு நாடு முழுக்க மக்கள் அறிவியல் கலைப்பயணம் கிளம்பி போபாலில் போய் முடிந்தது. 1984 விஷவாயுக் கொடுமை நடந்த அதே போபால். 1990-களில் அறிவொளி இயக்கம் வந்தபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதிலும் ஏராளமான பெண்கள், சம்பளம் இல்லாமல் மாலை நேரங்களில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 1991-ல் அறிவொளி தொடங்கிய புதுக்கோட்டையில் பெண்கள் கூடவே சைக்கிளும் ஓட்டக் கற்றது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1993-ல் குழந்தைகள் அறிவியல் மாநாடு தேசிய அளவில் ஆரம்பித்தது.

இவற்றிலெல்லாம் அடித்தளமாக இருந்தது யார்? காலேஜ் படிக்கிற அண்ணன், பிளஸ் டூ முடித்த அக்கா. 4,540 என்ற எண்ணுக்குள் வராதவர்களின் கொள்ளுப்பேத்திகள் இந்த முறை திண்ணை ஏறினார்கள்.

நான் 2019 டிசம்பர் 26 கிரகணத்தை ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது பார்த்தேன். ஒரு அக்கா சூரியக் கண்ணாடி கொடுத்து, எங்கள் தெருவையே வெளியே வரவைத்தார். பாட்டிகூட பார்த்தார் (பார்த்துவிட்டுத் தலைக்குக் குளித்தார், அது வேறு விஷயம்). அந்த அக்கா மாதிரி ஆக வேண்டும் என்றுதான் 2023 முகாமுக்குப் பெயர் கொடுத்தேன்.

என் குச்சி

விழுப்புரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மே முதல் வாரம், ஐந்து நாள். ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகள் சுமார் அறுபது பேர். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்தான் முகாமுக்குப் பொறுப்பு. எங்கள் எல்லோருக்கும் அவர் 'சார்'. என்னைப்போல உதவிக்கு எட்டுப் பேர், ஆளுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள். எங்களுக்குச் சம்பளம்: இரண்டு வேளை டீ, மதியம் புளிசாதம், கடைசி நாள் மஞ்சள் அட்டை.

தினமும் காலை எட்டு மணிக்கு எங்களுக்குப் பயிற்சி. ஒன்பதரைக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஆமாம், எட்டு மணிக்கு மொத்தம், பத்து மணிக்குச் சில்லறை! அப்போது எனக்குப் பெல்லையும் தெரியாது, லங்காஸ்டரையும் தெரியாது.

முதல் இரண்டு நாள் மேகம். மூன்றாம் நாள் நல்ல வெயில். ஒரு மீட்டர் குச்சியை நட்டு நிழலை அளந்து, மிகக் குறுகிய நிழல் எப்போது விழுகிறது, எந்தத் திசையில் விழுகிறது என்று எழுத வேண்டும். எனக்குக் கொடுத்திருந்த தாளில் "நண்பகல் நிழல் வடக்கு நோக்கி விழும்" என்று இருந்தது. நானும் அதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டேன்.

பன்னிரண்டு தாண்டிச் சில நிமிடங்கள். என் குழுவில் ஏழாவது படிக்கிற ஒரு பெண், ஒல்லியாக, எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் போட்டவள், ஓடி வந்தாள்.

"அக்கா, நெழலு அந்தாண்ட விழுது. தெக்கால."

"குச்சிய சாய்ச்சு நட்டிருப்ப. நேரா நடு."

திரும்பவும் நட்டாள். ஒரு கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சரிபார்த்தாள். (அந்த நூல் யோசனை நான் சொன்னது இல்லை. அவளுடையது.)

"இப்பவும் தெக்காலதாங்க்கா. மாரியாத்தா கோயிலு கெழக்கப் பாத்து இருக்கு. அப்ப இது தெக்குதான?"

வெயில் மண்டையைப் பிளந்தது. மற்ற பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "புத்தகத்துல தப்பா போடுவாங்களா? எல்லாரும் வடக்குன்னு எழுதுங்க" என்றேன்.

மாலையில் சார் எல்லாருடைய நோட்டையும் வாங்கிப் பார்த்தார். என் குழுவில் எட்டு நோட்டு. ஏழில் வடக்கு. ஒன்றில் மட்டும், 'வடக்கு' என்று எழுதி அடித்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் 'தெற்கு'.

சார் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "ஏம்மா, நீ அந்த நிழலைப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவே இல்லை. தாளைத்தான் பார்த்திருந்தேன்.

அப்புறம் விளக்கினார். கடக ரேகைக்கு வடக்கே, டெல்லி மாதிரி ஊர்களில், வருடம் முழுக்க நண்பகல் நிழல் வடக்கே விழும். நம் ஊர் அந்த ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. விழுப்புரத்தில் ஏப்ரல் 20-ஐ ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, குச்சிக்கு நிழலே இல்லாமல் போகும். அதற்குப் பிறகு நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துவிடும், ஆகஸ்ட் வரை. ஆகவே மே மாதத்தில் நிழல் தெற்கே விழும். ஒரு மீட்டர் குச்சிக்கு ஏழு சென்டிமீட்டர் அளவுதான், ஆனால் தெற்கேதான். அந்தத் தாள் வடக்கே யாரோ தங்கள் ஊருக்காக எழுதியதிலிருந்து அப்படியே எடுத்தது. காலையில் எங்களுக்கு அதைக் கொடுக்கும்போது தானும் கவனிக்கவில்லை என்று சாரே ஒப்புக்கொண்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தப்பாகச் சொல்லிக்கொடுத்ததுகூடப் பெரிய விஷயம் இல்லை. அந்த ஏழு பிள்ளைகள்! அவர்கள் கண்ணுக்கு முன்னால் நிழல் தெற்கே கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே அக்கா சொன்னாள் என்பதற்காக வடக்கு என்று எழுதியிருக்கிறார்கள். கண்ணால் பார்த்ததை நம்பு என்று கற்றுக்கொடுக்கத்தான் முகாமே. நான் அதற்கு நேர்மாறானதை ஒரே நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிட்டேன். அதுவும் எவ்வளவு சுலபமாக!

மறுநாள் காலை என் குழுவை உட்காரவைத்து, "நேத்து நான் சொன்னது தப்பு. இவ எழுதினதுதான் சரி" என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. அந்தப் பெண்ணை எழுப்பி, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எல்லோருக்கும் சொல்லச் சொன்னேன். அவள் கல்லையும் நூலையும் எடுத்துக் காட்டினாள். மற்ற குழுக்களும் வந்து சுற்றி நின்றார்கள். அரை மணி நேரம் அவள்தான் அங்கே சட்டாம்பிள்ளை. நான் கீழே உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கடைசியாக ஒரு கணக்கு

வணிகவியல் மாணவி என்பதால் கணக்கில்தான் முடிக்க வேண்டும். பிள்ளைகளை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மலிவு என்பதால்தான் 1800-களில் எல்லோரும் அதைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். மலிவு என்பதாலேயே அது கெட்டும் போனது. சொல்லிக்கொடுக்கிறவனுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. 1846-ல்தான் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. தொகை சின்னதுதான். ஆனாலும் இந்த வேலைக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டது நல்ல விஷயம்.

எனக்கு யாரும் பணம் தரவில்லை. ஆனால் அந்தச் சார் ஒரு மாலை முழுக்க என்னை உட்காரவைத்துச் சூரியன் எப்படி நகர்கிறது என்று மண்ணில் கோடு போட்டு விளக்கினார். ஆமாம், மண்ணில்தான், விரலால்தான். அதை என் கணக்கில் வரவு வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் இப்போது பத்தாவது எழுதியிருக்க வேண்டும். எங்காவது ஒரு முகாமில் அவளும் இந்நேரம் யாருக்காவது அக்காவாகியிருக்கலாம். அவள் கையில் கொடுக்கும் தாளில் தப்பு இருந்தால் அவள் தாளை நம்பமாட்டாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பயோடேட்டாவில் கடைசியில் 'உதவிக் கருத்தாளர், அறிவியல் முகாம், 2023' என்று மட்டும் போட்டேன். தாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "சட்டாம்பிள்ளைன்னு போட்டா வேலை தரமாட்டானா?" என்று கேட்டார்.

மே மாதம் வரும்போது ஒரு நாள் உச்சி வெயிலில் வாசலில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம்.